கேமரா முன்னால் கூச்சமா?

"போட்டோவுல நான் நல்லாவே இருக்க மாட்டேன்" என்று ஒதுங்கும் பெண்கள் ஏராளம். குறை முகத்தில் இல்லை. கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தையே தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, படத்தில் இருப்பது வேறு யாரோபோலத் தெரிகிறது. 1977இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெண்கள் பெரும்பாலும் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தையே விரும்பினார்கள். அவர்களின் தோழிகளுக்குப் பிடித்ததோ அசல் முகம். அப்படி ஒதுங்குபவரைப் படம் எடுக்கும் முன் அவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். வெயில் நேராக அடித்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் சிறு வெள்ளைப் புள்ளியாக மின்னினால், அதுவே சரியான இடம்.

போன் முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

சருமத்தை மெழுகாக்கும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். நல்ல படம் குறையற்றதாக இருக்க வேண்டியதில்லை. 48 வயதில் கேமராவைப் பரிசாகப் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரூன் 1860களில் இங்கிலாந்தில் எடுத்த பெண்களின் அண்மைப் படங்கள், லேசான மங்கலோடும் இன்றுவரை பேசப்படுகின்றன.

"சிரிங்க" என்று அதட்டாமல், மல்லிகைச் சரத்தைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைக்கு வேலை வந்ததும் இறுகிய தோள் தளரும், அப்போது எடுங்கள். எந்தப் படத்தை மற்றவர்களுக்கு அனுப்பலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.