இதயத் துடிப்புமானியும் முப்போட்டியும்

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து இக்கல்லூரியிற் கற்ற நண்பரொருவர், கடல்கடந்து வாழ்பவர், சென்ற ஆண்டு ஊருக்கு வந்திருந்த வேளை எம்மைக் காண வந்தார். மார்பைச் சுற்றி அணியும் பட்டியொன்றையும் கைக்கடிகாரமொன்றையும் மேசைமீது வைத்து, “நீர் தமிழாசிரியரல்லவா? இதற்குத் தமிழில் ஒரு பெயர் சொல்லும் பார்ப்போம்” என்றார். வெப்பத்தை அளப்பது வெப்பமானி. பாரத்தை அளப்பது பாரமானி. ஆதலின் இதனைத் துடிப்புமானி என்று அழைக்கலாம் என்றோம். பெயரிடுதல் எளிதாயிற்று. ஆனால் அதனை அவர் எதற்காக அணிகின்றார், அணிந்தும் ஒருமுறை எவ்வாறு தவறினார் என்பதைக் கேட்டபின், இப்பொருள் பெயரோடு முடிவதன்று என உணர்ந்தோம். விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலராசிரியர் கேட்டபோது, இலக்கியத்தை ஒருபுறம் வைத்து இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் இதுவே.

நீந்துதல், துவிச்சக்கர வண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையீடின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டியே ட்ரையத்லன் எனப்படுவது. யாம் இதனை முப்போட்டி என்போம். இது 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள சான் டியேகோ நகரின் மிஷன் குடாக் கரையிலே தொடங்கிற்று. 1978 பெப்ரவரியில் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாகுவில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம் என்னும் கடும்போட்டி நிகழ்ந்தது. தொடங்கியோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவில் 1.5, 40, 10 கிலோமீற்றர் என்னும் அளவிலே முப்போட்டி இடம்பெற்றது. பெரும்போட்டியின் பாதித் தூரத்தை, அஃதாவது 1.9, 90, 21.1 கிலோமீற்றரைக் கொண்ட போட்டி 2018இல் எம் நாட்டுக் கொழும்பு நகரிலும் நடைபெற்றது.

நாடியை எண்ணும் வழக்கம் பழையது. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்க்கும் எம் நாட்டு வைத்தியர் நாடியின் நடையைக் கண்டனர். மேனாட்டில் ஜோன் புளோயர் என்னும் வைத்தியர், ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைக் கையிற்கொண்டு அதன் எண்ணிக்கையைக் கணித்து, 1707இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். இதயத்திலெழும் நுண்ணிய மின்னோட்டத்தைத் திருத்தமாகப் பதிவுசெய்யும் கருவியை ஒல்லாந்தரான ஐன்தோவன் ஆக்கினார். அதற்காக 1924இல் நொபெல் பரிசு பெற்றார். பின்லாந்துப் பேராசிரியர் செப்போ சாய்னாயாகங்கஸ் கெம்பெலே என்னும் ஊரில் 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982இல் அந்நிறுவனம், மார்புப் பட்டியிலிருந்து கைக்கடிகாரத்துக்குக் கம்பியின்றிச் செய்தி அனுப்பும் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஓட்டவீரன் தன் நாடியை அறியவேண்டின் நிற்கவேண்டும். எம் கல்லூரி மைதானத்திலும், ஓட்டம் முடிந்தவுடன் கழுத்தில் விரல்வைத்து 15 விநாடி எண்ணி நான்காற் பெருக்கியே நாம் பழகினோம். நின்றவுடனேயே நாடி தணியத் தொடங்குமாதலின், அவ்வாறு பெற்ற எண் ஓடும்போதிருந்த எண் அன்று.

இனி, அவ்வெண் எதனைக் காட்டுகின்றது? ஓய்ந்திருப்பவனின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தைச் செலுத்தும். கடுமையாக உழைக்கும்போது அது 20 லீற்றருக்கு மேலும் செல்லும். தசைகள் கேட்கும் ஒட்சிசன் மிகுந்தோறும் துடிப்பும் மிகும். ஆகவே துடிப்பின் எண், உடல் இப்பணிக்குக் கொடுக்கும் விலையைக் காட்டும். வேகத்தைக் காட்டாது. எதிர்க்காற்றில் மெல்லச் செல்பவனும் பின்காற்றில் விரைந்து செல்பவனும் ஒரே விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். சைக்கிளிற் பூட்டிய வேகமானியை மட்டும் நம்புவோன் இதனை அறியான்.

220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவரின் உச்சத் துடிப்புக் கிடைக்கும் என்பர். 2001இல் வெளிவந்த ஆய்வொன்று, வயதின் பத்தில் ஏழு பங்கை 208இலிருந்து கழிக்கச் சொல்கின்றது. 46 வயதினருக்கு முதற்கணக்கு 174 என்னும். இரண்டாவது 176 என்னும். இரண்டும் பலரைக் கூட்டிவகுத்த சராசரியே. ஒரே வயதினருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் பத்துத் துடிப்புக்கு மேல் அதினின்றும் விலகுவர். பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை அணிந்து போட்டிக்குச் செல்வது போன்றதே இக்கணக்கை நம்பிச் செல்வதும்.

ஆகலின் தன் எண்ணைத் தானே அளந்தறிதல் வேண்டும். நன்றாக ஓய்வெடுத்த ஒருநாளில், தனியாக, 30 நிமிடம் தன்னால் இயன்ற முழு வேகத்தில் ஓடி, கடைசி 20 நிமிடத்துத் துடிப்பின் சராசரியைக் கொள்ளுக. அதுவே ஏறத்தாழ அவனுடைய எல்லைத் துடிப்பாம். அதற்கு மேற்சென்றால் இலத்திக்கமிலம் உடல் அகற்றுவதினும் விரைவாகச் சேரும். நெடுநேரம் தாக்குப்பிடிக்க இயலாது. சைக்கிளுக்கு இச்சோதனையை வேறாகச் செய்தல் இன்றியமையாதது. ஓடும்போது உடலின் முழுப்பாரமும் கால்களில் விழுவதாலும் மிகுதியான தசைகள் உழைப்பதாலும், ஓட்டத்தின் எல்லை பெரும்பாலோர்க்குச் சைக்கிளின் எல்லையினும் ஐந்து முதற் பத்துத் துடிப்பு உயர்ந்திருக்கும். ஒரே எண்ணை இரண்டுக்கும் கொள்வோர் ஒன்றிலே தவறுவர். நோயுடையோரும் நெடுங்காலம் பயிற்சியற்றோரும் வைத்தியரைக் கண்டபின்னரே இச்சோதனையில் இறங்கலாம்.

போட்டியின் முதற்பகுதியாகிய நீச்சலில் துடிப்புமானி பெரிதும் உதவாது. இக்காலத்துப் பட்டிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் உயர்ந்த அதிர்வெண் வானொலி அலை நீரிற் சில அங்குலங்களுக்கு அப்பாற் செல்லாது. சில பட்டிகள் எண்களைத் தம்முள் சேர்த்துவைத்துக் கரையேறியபின் கடிகாரத்துக்கு அனுப்பும். மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி இரத்தவோட்டத்தை அறியும் கடிகாரங்களோ, நீர் புகுவதாலும் கையசைவாலும் மயங்கும். எண் கிடைப்பினும், படுத்த நிலையாலும் நீரின் அழுத்தத்தாலும் துடிப்பு நிலத்திலிருப்பதிற் சற்றுக் குறைந்தே காட்டும். ஆனால் ஆபத்து மிகுந்த பகுதியும் இதுவே. அமெரிக்க முப்போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த இறப்பும் இதயநிறுத்தமுமாக 135 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தோர், அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை எனக் கண்டனர். பாதிக்கப்பட்டோரின் சராசரி வயது ஏறத்தாழ 47, பெரும்பாலோர் ஆடவர். இதனை எழுதும் எமக்கும் இதனை வாசிக்கும் பழைய மாணவர் பலருக்கும் அதுவே வயது. கருவி கண்மூடிக்கிடக்கும் இவ்விடத்தில் மூச்சே அளவுகோல். நெருக்கத்தை விட்டு ஓரமாகத் தொடங்குக. முன்னரே சிறிது நீந்தி உடலைச் சூடாக்குக. மார்பில் வலியோ வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ தோன்றின் கையை உயர்த்தி உதவி கேட்க வெட்கப்படற்க.

கரையேறிச் சைக்கிளில் ஏறியதும் எண் தெரியும். முதற் பத்து நிமிடத்தில் அது மிக உயர்ந்து காணப்படும். நீரிலிருந்து எழுந்து ஓடியதும், போட்டியின் பரபரப்பும், ஆரவாரமும் அதற்குக் காரணம். அவ்வெண்ணைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. அதனை அளவாகக் கொள்ளுதலும் ஆகாது. மெல்ல மிதித்து, சிறிது நீர் பருகி, அது இறங்குவதற்குக் காத்திருத்தல் வேண்டும்.

எம் நண்பர் தவறியது ஈண்டே. அவருடைய சைக்கிள் எல்லை 158. பாதித்தூரப் போட்டியாதலின் எல்லைக்குப் பத்து முதல் இருபது துடிப்புக் கீழே, 138க்கும் 148க்கும் இடையில் நிற்பதென்று வகுத்திருந்தார். அவ்வகுப்பு நல்லதே. முழுத்தூரமாயின் இருபது முதல் முப்பது துடிப்புக் குறைத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. ஆயின் போட்டியன்று கடிகாரம் 155 எனக் காட்டிற்று. கால்களோ இலேசாயிருந்தன. இளைஞர் சிலர் அவரைக் கடந்து சென்றனர். “இண்டைக்கு நல்லாய் இருக்கிறன், கருவிதான் பிழை காட்டுது” என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டாராம். மூன்று மணித்தியாலத்துக்குட் சைக்கிளை முடித்துவிட்டார், மிக மகிழ்ந்தார். ஓட்டத்தில் எட்டாவது கிலோமீற்றரில் நடக்கத் தொடங்கினார். மீதித் தூரத்தின் பெரும்பகுதியை நடந்தே முடித்தார். சைக்கிளில் ஈட்டிய பத்து நிமிடத்துக்கு ஓட்டத்தில் நாற்பது நிமிடம் வட்டி கட்டியதாக அவரே கணக்குச் சொன்னார். அவர் கணக்காளர்.

கருவி பிழை காட்டுவதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பட்டி உலர்ந்திருந்தாலும் தளர்ந்திருந்தாலும் எண் தாறுமாறாய்ப் பாயும். மணிக்கட்டுக் கடிகாரம் சிலவேளை நாடிக்குப் பதிலாகக் காலடிகளை எண்ணிவிடும். ஓடுவோரின் காலடி நிமிடத்துக்கு 170, 180 ஆதலின் அப்பிழையை எளிதிற் கண்டுகொள்ள முடியாது. இவை யாவும் திடீரெனத் தோன்றும் பிழைகள். அரைமணி நேரம் 155இல் அசையாது நிற்கும் எண் பெரும்பாலும் மெய்யே சொல்கின்றது.

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். வேகம் மாறாதிருப்பினும் நேரஞ் செல்லச்செல்லத் துடிப்பு உயரும். வியர்வையால் உடலின் நீர் குறைகின்றது. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிச் செல்கின்றது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் செலுத்தப்படும் அளவும் குறைகின்றது. அக்குறையை எண்ணிக்கையால் ஈடுசெய்ய இதயம் விரைகின்றது. கொழும்பு போன்ற வெப்பமும் ஈரப்பதனும் மிக்க ஊர்களில் இவ்வேற்றம் மிகுதி. ஆகவே இரண்டாம் மணியில் ஐந்து துடிப்பு உயர்தல் இயல்பு. அதற்காக வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. பத்து உயர்ந்தால் நீர் பருகி, தலையில் நீரூற்றி, வேகத்தைத் தணித்தல் வேண்டும். இதற்கு மறுதலையான நிலையே பெரிதும் அஞ்சத்தக்கது. உழைப்புக் கடினமாகத் தோன்றும். துடிப்போ உயராது இறங்கும். அதனைக் கண்டு உடல் தேறிவிட்டதென மயங்குவோர் உளர். தசைகளிற் சேமித்த கிளைக்கோசன் தீர்ந்துவருகின்றது, இதயத்தைத் துரத்தும் வலிமை கால்களுக்கு இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அப்பொழுது வேண்டுவது உணவு.

1982 பெப்ரவரியில் ஹவாய்ப் போட்டியிற் பெண்களுள் முன்னணியில் வந்த ஜூலி மொஸ் என்னும் மாணவி, தம் பட்டப்படிப்பின் ஆய்வுக்காகவே அப்போட்டியிற் கலந்துகொண்டவர். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னே கால்கள் துவண்டு பலமுறை வீழ்ந்தார். மற்றொருவர் கடந்துசெல்ல, கையூன்றித் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். இழந்தது 29 விநாடி. அக்காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டே பலர் இப்போட்டிக்கு வந்தனர் என்பது வியப்பே. அவர் மனவுறுதியை நாமும் போற்றுகின்றோம். எனினும் மாணாக்கர் அதனைப் பின்பற்றத்தக்க முறையாகக் கொள்ளுதலை விரும்போம்.

அதே போட்டியை ஆறுமுறை முயன்றும் வெல்லாத மார்க் அலன், 1989இல் டேவ் ஸ்கொட்டை 58 விநாடியால் வென்றார். பின்னர் மேலும் ஐந்துமுறை வென்றார். அவர் 1980களின் நடுவில் துடிப்புமானியைக் கொண்டு பயிலத் தொடங்கியவர். பிலிப் மபெற்றோன் என்னும் ஆலோசகர் 180இலிருந்து வயதைக் கழித்து, 155க்கு மேற் செல்லற்க என்றாராம். அதற்குள் நிற்கவேண்டின் ஒரு மைலுக்கு எட்டு நிமிடத்துக்கு மேலாயிற்று. வீரர் நாணத்தக்க மெதுவோட்டம். ஏறத்தாழ ஓராண்டு பொறுத்தபின், அதே துடிப்பில் ஒரு மைலை 5 நிமிடம் 20 விநாடியில் ஓட முடிந்தது என அவரே கூறியுள்ளார். போட்டி நாளன்று கருவி செய்யும் உதவியினும் அதற்கு முந்திய மாதங்களில் அது செய்யும் உதவி பெரிதென நாம் கருதுவதற்கு இதுவே சான்று.

ஓட்டப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓட்டத்தின் எல்லைக்குப் பத்துத் துடிப்புக் கீழே தொடங்கி, மெல்ல உயரவிட்டு, கடைசி ஐந்து கிலோமீற்றரிற் கடிகாரத்தைப் பாராது ஓடுக. அந்நேரத்தில் எண் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் போர்க், உழைப்பின் கடுமையைத் தானே உணர்ந்து 6 முதல் 20 வரை மதிப்பிடும் அளவையொன்றை வகுத்தார். அம்மதிப்பைப் பத்தாற் பெருக்கினால் ஏறத்தாழத் துடிப்பின் எண் வரும்படி அமைத்தார். பயிற்சியின்போது, கடிகாரத்தைப் பார்க்குமுன் தன் எண்ணைத் தானே ஊகித்துப் பின்னர் ஒப்புநோக்குக. எம் நண்பர் இப்பொழுது மூன்று துடிப்புக்குள் சரியாகச் சொல்கின்றார். அடுத்த போட்டியில் அவர் சைக்கிளை முன்னையினும் எட்டு நிமிடம் பிந்தி முடித்தார். ஓட்டத்தில் ஓரிடத்தும் நடக்கவில்லை.

பட்டியைப் பேணும் முறை பற்றி ஒரு சொல். அணியுமுன் மின்வாய்கள் உள்ள பக்கத்தை நீரால் நனைக்க வேண்டும். போட்டி முடிந்தபின் நடுவிலுள்ள சிறு பெட்டியைக் கழற்றிவிட்டு, பட்டியை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக. வியர்வையின் உப்பு மின்வாயை அரிக்கும். பெட்டியைக் கழற்றாது ஈரத்தோடு விட்டால், இதயமொன்று இருப்பதாக எண்ணி அது வேலைசெய்துகொண்டே இருக்கும், பற்றரி வீணாகும். நண்பர் மேசைமீது வைத்த பட்டியின் பெட்டியும் கழற்றப்படாமலே இருந்தது.