ஊசி போட்ட ஓட்டையா, லேசர் போட்ட ஓட்டையா?

ஸ்கூலில் அட்டை டப்பாவில் ஊசித்துளை கேமரா செய்து, மெழுகுவர்த்தி தலைகீழாகத் தெரிவதைப் பார்த்திருப்பீங்க. அதே துளையை டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பதிலாக வைத்தால் நிஜமான போட்டோவே கிடைக்கும். துளையை நாமே போடலாமா, லேசரில் போட்டு விற்பதை வாங்கணுமா? ஏற்காட்டில் ரெண்டையும் வைத்து எடுத்துப் பார்த்தேன்.

முதலில் கணக்கு

துளை பெரிசானால் படம் மங்கும். ரொம்பச் சின்னதானாலும் மங்கும். அங்கே டிஃப்ராக்‌ஷன் வேலையைக் காட்டிடும். நடுவில் ஒரு சரியான அளவு இருக்கு:

விட்டம் = 1.9 × √(சென்சார் வரை உள்ள தூரம் × ஒளியின் அலைநீளம்)

பாடி கேப்பில் துளை வைத்தால் தூரம் சுமார் 45 மி.மீ. பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மி.மீ. போட்டுப் பாருங்க, விடை 0.3 மி.மீ. 45-ஐ 0.3-ஆல் வகுத்தால் எஃப்/150. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 100-க்கு கிட்டத்தட்ட 1 விநாடி; பனிமூட்டத்தில் 7, 8 விநாடி.

நாமே போடும் துளை

கூல்டிரிங்க்ஸ் கேன் போதும். (அலுமினியத்துக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு: சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போனது.) ஒரு துண்டு வெட்டி, பழைய நோட்டு மேல் வைத்து, ஊசி முனையை லேசாக அழுத்திச் சுழற்றுங்க. பின்பக்கம் எழும் மேட்டை நைஸ் உப்புத்தாளால் தேயுங்க. மறுபடி ஊசி, மறுபடி உப்புத்தாள். கடைசியில் உள்பக்கத்தில் மார்க்கரால் கறுப்பு பூசிடுங்க.

நான் சறுக்கிய இடம்

முதல் துளை 0.3 இருக்கும்னு கண்ணாலேயே முடிவு பண்ணிட்டேன். லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்தைக் கணக்குப்படி 1 விநாடி எடுத்தேன். வானம் மொத்தமும் வெள்ளை. விளிம்பைச் சரியாகத் தேய்க்காததால் வெளிச்சம் வேறு சிதறியிருந்தது.

திரும்பி வந்து அந்தத் தகட்டை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 2400 புள்ளி வைத்து ஸ்கேன் செய்தேன். துளையின் அகலம் 38 பிக்சல். 38 ÷ 2400 × 25.4 = 0.4 மி.மீ. 0.1 மி.மீ. தானேன்னு நினைக்காதீங்க, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். வெளிச்சம் 1.8 மடங்கு! அடுத்த தகட்டை 29 பிக்சல் வரும்வரை தேய்த்துத் தேய்த்துப் போட்டேன்.

நேருக்கு நேர்

அடுத்த முறை ஏரிக்கரை, காலைப் பனி, ட்ரைபாட். ரெண்டு துளைக்கும் 8 விநாடி. படகுகள் கரைந்துபோய், தண்ணீர் பால் மாதிரி வந்தது. பெரிதாக்கிப் பார்த்தும் எது கேன், எது லேசர்னு என்னால் சொல்ல முடியலை. சென்சார் தூசி ரெண்டிலும் ஒரே மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

அப்போ காசு கொடுத்து எதை வாங்குறோம்? ரெண்டு விஷயம். ஒண்ணு, அளந்த எண். இன்னொண்ணு, மெல்லிய தகடு. கேன் தகடு சுமார் 0.1 மி.மீ. தடிமன், 0.3 மி.மீ. துளைக்கு அது ஒரு குட்டிக் குழாய் மாதிரி. டி.எஸ்.எல்.ஆரில் ஒளி பெரிய சாய்வில் வராததால் பாதிப்பு குறைவு. ஆனால் தீப்பெட்டி கேமரா மாதிரி துளையும் ஃபிலிமும் ரொம்பக் கிட்ட இருந்தால், 45 டிகிரி சாய்வில் வரும் ஒளியில் 40 சதவீதம் அந்தக் குழாயிலேயே அடைபடும், மூலைகள் இருட்டாகும்.

அதனால் என் பரிந்துரை: டிஜிட்டலில் பழகுறீங்கன்னா மூணு துளை போடுங்க, மூணையும் ஸ்கேன் பண்ணுங்க, நல்லதை வைச்சுக்கோங்க. தப்பினாலும் உடனே திருத்தலாம். ஃபிலிம், போட்டோ பேப்பர், வைட் ஆங்கிள்னா லேசர் துளை வாங்கலாம். அங்கே தப்பு தெரியவரும்போது ஃபிலிமும் போயிருக்கும், பனியும் கலைந்திருக்கும்.

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளை புகைப்பட நாள். கேனைத் தூக்கி எறியாம வைங்க.