டாக்டர்களுக்கு ஆன்லைன் கருத்தரங்கு: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நடத்தலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுடன் முகம் பார்த்துப் பேசுவது எப்படி என்பதைத்தான். அதே கம்ப்யூட்டர், அதே கேமரா, அதே மைக் இவற்றை வைத்துக் கொண்டு முப்பது டாக்டர்கள் கலந்து கொள்ளும் மருத்துவக் கருத்தரங்கு ஒன்றையே நடத்தி விடலாம். சென்ற ஆண்டு திருப்பூரில் நான் அப்படி ஒன்றை நடத்தினேன். அதில் ஒரு பெரிய தவறையும் செய்தேன். நடத்தும் வழி, அந்தத் தவறு, அது நேராமல் இருக்கச் செய்ய வேண்டியவை ஆகிய மூன்றையும் இங்கு பார்க்கலாம்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர், ஸ்டாக் கணக்குப் பார்க்கும் சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், சிறு வயதில் எனக்கு ஊசி போட்டவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கூட்டத்துக்குக் கோயமுத்தூர் போய் வந்தா அரை நாள் போயிருது. அன்னிக்குக் கிளினிக்குக்கு வர்றவங்க என்ன பண்ணுவாங்க? இங்கிருந்தே பண்ண ஏதாச்சும் வழி இருக்குதா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் பல கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் தொழிலாளர்கள் கிளினிக்குக்கு வருவார்கள். ஆனால் டாக்டர்களும் படித்துக் கொண்டே இருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ கவுன்சிலின் நடத்தை விதிகள், ஒரு டாக்டர் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் கலந்து கொள்ள வேண்டும் என்று கூறுகின்றன.

இது புதிய விஷயமா?

இல்லை. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா கிராம மருத்துவமனையின் டெலிமெடிசின் வசதியை அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். 2001-இல் இஸ்ரோ தன் சோதனைத் திட்டத்தில் அந்தக் கிராமத்தையும் சென்னை அப்போலோ மருத்துவமனையையும் செயற்கைக்கோள் வழியே இணைத்தது. பின்னர் இஸ்ரோவின் இந்த நெட்வொர்க் டாக்டர்களுக்கான வகுப்புகளுக்கும் பயன்பட்டது. 2009-இல் தொடங்கிய பான் ஆப்பிரிக்க இ-நெட்வொர்க் திட்டத்தில், இந்திய மருத்துவமனைகளில் இருந்தபடியே நம் டாக்டர்கள் ஆப்பிரிக்க டாக்டர்களுக்குப் பாடம் எடுத்தார்கள்.

அன்று இதற்கு மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஆன்டெனா வேண்டும். இன்று பிராட்பேண்ட் இணைப்பு போதும். 2020-இல் கொரோனா வந்தபோது கருத்தரங்குகள் பெருமளவில் ஆன்லைனுக்கு மாறின. எங்கள் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியே 2022 ஜனவரி 12 அன்று, மற்ற 10 கல்லூரிகளுடன் சேர்த்து, பிரதமரால் வீடியோ கான்பரன்ஸ் வழியாகத்தான் திறந்து வைக்கப்பட்டது.

கூட்டத்தை எப்படி அமைப்பது?

ஒருவர் ஒரு மணி நேரம் பேச, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் காபி குடிப்பது கருத்தரங்கு ஆகாது. இதற்கு ஒரு நல்ல மாதிரி உள்ளது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய 'எக்கோ' திட்டம் அது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். நோயாளிகளை வரவழைப்பதற்குப் பதில், கிராமப்புற டாக்டர்களை வாரம் ஒரு முறை வீடியோவில் கூட்டினார். முதலில் சிறிய உரை. அதன்பின் ஒவ்வொரு டாக்டரும் தன்னிடம் வந்த ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல், விவரித்துக் கேள்வி கேட்பார். மற்றவர்கள் விவாதிப்பார்கள்.

பலன் என்ன தெரியுமா? 407 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் இதழில் வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதம் பேருக்கும், எக்கோ டாக்டர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதம் பேருக்கும் வைரஸ் நீங்கியிருந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்! பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் மனநலம், போதைப் பழக்கம் ஆகியவை குறித்து இதே முறையில் டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்துள்ளது.

நாங்களும் இதையே பின்பற்றினோம். உரைக்கு 10 நிமிடம், ஒரு நோயாளியின் விவரத்திற்கு 5 நிமிடம், விவாதத்திற்கு 20 நிமிடம். மொத்தம் 35 நிமிடம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஜூம் புரோகிராமின் இலவசப் பதிப்பு ஒரு கூட்டத்திற்கு 40 நிமிடமே அனுமதிக்கிறது. அதிகபட்சம் 100 பேர் சேரலாம். கூட்டம் நீளும் என்றால் கூகுள் மீட் பயன்படுத்தலாம். அதில் இலவசமாக 60 நிமிடம் கிடைக்கும்.

என்னென்ன தேவை?

1. ஹெட்செட்: கேமராவை விட மைக் முக்கியம். படம் தெளிவாக இல்லாவிட்டால் டாக்டர்கள் பொறுத்துக் கொள்வார்கள். மருந்தின் பெயரும் அளவும் சரியாகக் கேட்காவிட்டால் ஆபத்து. ஸ்பீக்கரில் வரும் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து எதிரொலிக்கும். எனவே பேசுபவர் கண்டிப்பாக ஹெட்செட் அணிய வேண்டும்.

2. இணைய இணைப்பு: டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். பேசுபவருக்கு அப்லோட் வேகம் முக்கியம். இணைப்பு திணறினால் முதலில் கேமராவை நிறுத்துங்கள். ஒலிக்கு மிகக் குறைந்த வேகமே போதும் என்பதால் பேச்சு தடைப்படாது.

3. யு.பி.எஸ்.: கம்ப்யூட்டரை யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறோம். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ஓடும், இணைப்பு இருக்காது. மோடத்தையும் அதிலேயே இணைத்திடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துக் கூட்டத் தேதியை முடிவு செய்திடுங்கள்.

கூட்டத்தைத் தொடங்கலாமா?

ஜூம் திறந்து ஷெட்யூல் என்ற பட்டனில் கிளிக் செய்திடவும். தலைப்பு, நாள், நேரம் ஆகியவற்றைக் கொடுக்கவும். அங்கேயே வெயிட்டிங் ரூம் என்ற இடத்தில் டிக் செய்திடவும். இதனால் நீங்கள் அனுமதித்த பிறகுதான் ஒருவர் உள்ளே வர முடியும். உள்ளே வருபவர்களின் மைக் தானாக அணைந்திருக்கும்படியான வசதியும் ஆப்ஷன்ஸ் பகுதியில் உள்ளது. சேவ் செய்தவுடன் அழைப்பு கிடைக்கும். அதைக் காப்பி செய்து டாக்டர்களுக்கு மட்டும் தனித்தனியே அனுப்புங்கள். பொதுவான வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும், இன்னொருவர் கம்ப்யூட்டரைக் கவனிக்கட்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். முதல் நாளே ஒத்திகை பார்த்திடுங்கள். நான் ஒத்திகை பார்த்தேன். ஆனால் எதை ஒத்திகை பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கவில்லை.

நான் செய்த தவறு

ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றி எங்கள் டாக்டர் பேச இருந்தார். பல மாதங்களாக இருமல், நெஞ்சில் இறுக்கம். காச நோயா, பஞ்சுத் தூசியால் வரும் நோயா என்பது கேள்வி. எக்ஸ்ரேயும் மற்ற பைல்களும் பென் டிரைவில் இருந்தன. நான் ஷேர் பட்டனை அழுத்தி, முழு டெஸ்க்டாப்பையும் தேர்ந்தெடுத்தேன். பென் டிரைவைத் திறந்தேன். பைல்களின் பெயரே நோயாளியின் பெயரும் மில்லின் பெயரும்தான்! எக்ஸ்ரேயைத் திறந்தால் அதன் மூலையிலும் பெயர், வயது.

சில விநாடிகள்தான். கூட்டத்தில் இருந்த ஒரு டாக்டர், "அட, இவரு நம்ம மில்லுல இருக்கறவருங்களா?" என்றார். அவர் அந்த மில்லுக்கு வாரம் ஒரு முறை சென்று வருபவர். அவசரமாக ஷேர் செய்ததை நிறுத்தினேன். ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக்க எந்த மெனுவிலும் வழி இல்லை.

கூட்டம் தொடர்ந்தது. நுரையீரல் சிறப்பு மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நெஞ்சு இறுக்கம் எந்தக் கிழமை அதிகம்?" பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயில், ஆரம்ப நிலையில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் இறுக்கம் அதிகம் இருக்குமாம். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாதாம். எங்கள் டாக்டரிடம் இதற்குப் பதில் இல்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் அந்த மில் டாக்டருக்குப் போன் செய்து, விஷயம் வெளியே போகக் கூடாது என்று கேட்டுக் கொண்டார். அவரும் ஒப்புக் கொண்டார். மறுநாள் காலை நோயாளியை வரவழைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கிழமையையும் கேட்டார். "திங்கக்கிழமைதானுங்க" என்று உடனே பதில் வந்தது. சளிப் பரிசோதனையில் காச நோய்க் கிருமி இல்லை என்று முன்பே தெரிந்திருந்ததால், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அவரை அனுப்பினார். கிளம்பும்போது அந்த மனிதர் கேட்டது ஒன்றுதான்: "வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

டாக்டர் இதைச் சொன்னபோது நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கூட்டத்தால் அவருக்கு நன்மை கிடைத்தது உண்மை. என் ஒரு கிளிக்கால் அவர் பயந்ததும் உண்மை. அவர் இன்றும் அதே மில்லில் வேலை பார்க்கிறார். அவரது அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன்.

பெயரை நீக்குவது எப்படி?

மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு விதிகள், நோயாளியை அடையாளம் காட்டும் வகையில் அவரது போட்டோவையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. எனவே கூட்டத்திற்கு முன் இவற்றைச் செய்திடுங்கள்.

* பைலின் பெயரை மாற்றுங்கள். 'கேஸ் 1' என்பது போதும்.

* எக்ஸ்ரே படத்தை பெயிண்ட் புரோகிராமில் திறந்து, பெயர் இல்லாத பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கிராப் கிளிக் செய்து, புதிய பெயரில் சேவ் செய்திடுங்கள்.

* பவர்பாயிண்ட்டில் கிராப் செய்தால் மட்டும் போதாது. வெட்டிய பகுதி பைலின் உள்ளேயே இருக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்து, பிக்சர் பார்மட் டேபில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் கிளிக் செய்து, டெலீட் கிராப்டு ஏரியாஸ் என்பதில் டிக் செய்திடவும். பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வைப்பதும் பயன் தராது. பைலைப் பெறுபவர் கட்டத்தை நகர்த்திவிட்டுப் படித்துவிடலாம்.

* போனில் எடுத்த போட்டோவில் எடுத்த இடமும் நேரமும் பதிவாகி இருக்கலாம். பைலின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் சென்றால், கீழே சொந்தத் தகவல்களை நீக்கும் லிங்க் இருக்கும்.

* ஸ்கேன் சென்டர் தரும் சி.டி.யில் உள்ள டைகாம் வகை பைல்களின் உள்ளேயே பெயரும் வயதும் எழுதப்பட்டிருக்கும். இவற்றை அப்படியே யாருக்கும் அனுப்ப வேண்டாம். பெயர் நீக்கிய பிரதியை சென்டரிலேயே கேளுங்கள்.

* ஷேர் செய்திடும்போது டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பவர்பாயிண்ட் விண்டோவை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப், மெயில் இரண்டையும் மூடிவிடுங்கள்.

* பேச்சிலும் கவனம் தேவை. ஊர், மில், பிரிவு, வயது நான்கையும் சொன்னால் பெயரைச் சொன்னது போலத்தான். 'நாற்பதைத் தாண்டிய மில் தொழிலாளி' என்றால் டாக்டர்களுக்குப் புரியும்.

* உரையைப் பதிவு செய்யலாம். நோயாளி பற்றிய விவாதம் தொடங்கியதும் பதிவை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. கலந்து கொள்ளும் டாக்டர்களுக்கு மதிப்பெண் நேரம் கிடைக்க வேண்டும் என்றால், மாநில மருத்துவ கவுன்சிலிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். எங்களுடையது போன்ற சிறிய கூட்டம் அறிவுக்கு உதவும், கணக்கில் சேராது. இதை அழைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் வீட்டில் டாக்டர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சங்கக் கூட்டமோ, பள்ளிக் கூட்டமோ, சீட்டுக் கணக்கோ ஒரு நாள் உங்கள் ஸ்கிரீனில் வரும். அதிலும் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். இன்றே வீட்டில் இருப்பவருடன் ஒரு கூட்டம் போட்டு, ஷேர் பட்டனை அழுத்தி, எதிர்முனையில் என்னவெல்லாம் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்ட ஒத்திகை அதுதான்.