காய்ச்சல் இல்லை, உடம்பு சில்லென்று இருக்கிறது: இது நல்லதா?



வீட்டில் ஒருவருக்குச் சளியும் இருமலும் கண்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். சுட்டால் பயப்படுகிறோம். சுடாவிட்டால், "காய்ச்சல் இல்லை, ஒண்ணும் பயமில்லை" என்று போர்த்திப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். எல்லா நேரத்திலும் இது சரியல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வயது 70க்கு மேல். நாலு நாளாக இருமல். பெரட்டுக்குப் போகும் வழியில் அவருடைய மருமகள் என்னிடம் வந்தார். "மாமாவுக்குக் காய்ச்சல் எல்லாம் இல்லீங்க ஐயா. உடம்பு சில்லுனுதான் இருக்கு. ராத்திரி பூரா என்னென்னமோ பேசிக்கிட்டு இருந்தாரு" என்றார். காய்ச்சல் இல்லை என்றதும், "சாயங்காலம் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டேன். அது என் தவறு. மத்தியானம் பேரன் ஓடி வந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் உஷ்ணம் 35 டிகிரி. மூச்சு நிமிடத்துக்கு 34. சொந்தப் பேரனையே அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பிழைத்து வந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

கிருமி உள்ளே நுழைந்தால் உடம்பு தானே சூட்டை ஏற்றிப் போராடும். அதுதான் காய்ச்சல். வயதானவர்களுக்கும், பிறந்த குழந்தைகளுக்கும், சத்துக் குறைந்தவர்களுக்கும், இனிப்பு நீர், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் அந்தச் சக்தி குறைவாக இருக்கலாம். நுரையீரல் கிருமி இரத்தத்தையும் உடல் முழுவதையும் தாக்கும்போது, சிலருக்குச் சூடு ஏறாமல் இறங்கிவிடும். இப்படிக் குளிர்ந்து போகிறவர்களுக்குக் காய்ச்சல் அடிக்கிறவர்களைவிட உயிராபத்து அதிகம்.

கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டர் வையுங்கள். வாயில் வைப்பதானால், சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்து 20 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு அளவு குறைத்துக் காட்டும். அவர்களுக்கு அக்குளில் வைப்பது மேல். வியர்வையைத் துடைத்துவிட்டுக் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பனடோல் சாப்பிட்டிருந்தால் அந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். அது சூட்டை இறக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது.

அளவு குறைந்தாலே பயப்பட வேண்டும் என்பதில்லை. காய்ச்சல் விட்டு வியர்த்தபின் 36 டிகிரி காட்டலாம். ஆள் தெளிவாகப் பேசி, சாப்பிட்டு, நிதானமாக மூச்சு விட்டால் கவலை வேண்டாம். ஆனால் இருமல் உள்ளவருக்கு 36க்குக் கீழே போய், கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 35க்குக் கீழே போனால் வேறு அடையாளம் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

1. மூச்சு வேகம். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை. 30 ஆனால் மிகவும் ஆபத்து.
2. புத்தி தடுமாற்றம், உளறல், எழுப்பினாலும் எழாத தூக்கம்.
3. உதடு, நாக்கு, நகம் நீலம் பூத்தல்.
4. சிறுநீர் மிகவும் குறைதல்.

இந்த நான்கில் எது இருந்தாலும், உஷ்ணம் சரியாகக் காட்டினாலும் தாமதிக்கக் கூடாது.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 35.5க்குக் கீழே போனாலும், பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு 60ஐ எட்டினாலும், நெஞ்சு உள்ளே இழுத்தாலும் அரை நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

வண்டி வரும்வரை ஈரத் துணியை மாற்றிப் போர்த்துங்கள். தலையையும் மூடுங்கள். குழந்தையைத் தாய் தன் மார்போடு, தோலோடு தோலாக அணைத்துக்கொள்ளட்டும். கொதிக்கும் தண்ணீர் போத்தலை உடம்பில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். "குளிருக்கு நல்லது" என்று சம்சு கொடுக்கவே கூடாது. சாராயம் தோலுக்கு இரத்தத்தை இழுத்துச் சூடு ஏறியதுபோல் காட்டும். உண்மையில் உடம்பின் உள்சூடு அதனால்தான் வெளியேறும்.

வண்டி இல்லையென்றால் 999ஐ அழையுங்கள். இராத்திரியானாலும் உங்கள் டிரஸ்ஸரின் கதவைத் தட்டுங்கள். "காய்ச்சல் இல்லையே, வேலைக்குப் போ" என்று பெரட்டில் யாராவது சொன்னால், தெர்மாமீட்டர் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை என்று சொல்லி, டாக்டரைப் பார்க்கக் கேளுங்கள். தயங்கினால் உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

அந்த மருமகள் சொன்னதில் "ராத்திரி பூரா பேசிக்கிட்டு இருந்தாரு" என்பதுதான் முக்கியமான செய்தி. நான் அதைக் கேட்கத் தவறினேன். நீங்கள் தவறாதீர்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், மூச்சையும் எண்ணிப் பாருங்கள்.