தேரிக்காட்டு ஓணானின் நாளைய உருவம்

பாலைவனம் என்றதும் இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனமே நம் நினைவுக்கு வருகிறது. நமக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழியிலும் சாத்தான்குளம் பக்கத்திலும் ‘தேரி’ எனப்படும் செம்மணல் மேடுகள் உள்ளன. காற்றால் குவிந்த மணல் அது. மழை பெய்தாலும் நீர் மேலே தங்காது. பாலைவனமன்று, அதன் தங்கை எனலாம்.

அப்பக்கத்து வறண்ட நிலங்களில் வாழ்வது விசிறித் தொண்டை ஓணான். நம் தெருச் சிறுவர்கள் சுருக்கு வைத்துப் பிடிக்கிறார்களே, அந்த ஓணானைவிடச் சிறியது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் கல்லின்மேல் ஏறித் தொண்டைத் தோலை விசிறிபோல் விரித்துக் காட்டும். 2016-ஆம் ஆண்டில் இதன் இரண்டு இனங்களுக்கு அறிஞர்கள் தமிழ்ப் பெயர் சூட்டினர். ஒன்று ‘விசிறி’, மற்றொன்று ‘மருதம்நெய்தல்’. தமிழ் வகுப்பில் படித்த ஐந்திணை விலங்கியலுக்குள்ளும் புகுந்துவிட்டது!

இதன் பின்னங்காலில் நான்கே விரல்கள். இதன் நெருங்கிய உறவினமான கங்காரு ஓணானுக்கோ ஐந்து. அது ஈரமான மலைக்காட்டில் உதிர்ந்த இலைகளின்மேல் ஓடுவது. நமக்கு அருகிலுள்ள சிவகிரி மலையில் கிடைத்ததை வைத்தே 1885-இல் அதற்கு அறிவியல் பெயர் இட்டனர். ஆக, சமவெளிக் கிளை என்றோ ஒரு விரலை இழந்திருக்கிறது.

ஓணான் தானே விரும்பி விரலை உதிர்க்கவில்லை. குஞ்சுகள் எல்லாம் ஒன்றுபோல் பிறப்பதில்லை. செம்மணலில் சற்றுச் சிவந்த குஞ்சு வல்லூற்றின் கண்ணுக்குத் தப்பும், தப்பியதே முட்டையிடும். இப்படி ஆயிரமாயிரம் தலைமுறைகள். படைப்பு இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறது என்று எங்கள் சிஸ்டர் கூறுவார்கள்.

தேரி விரிந்து பெரும்பாலையாகி, பத்து இலட்சம் ஆண்டுகள் கழிந்ததாக வைத்துக்கொள்வோம். அன்றைய ஓணானின் உடல் செம்மண் நிறமாயிருக்கும். விரலோரங்களில் சீப்பின் பற்கள்போல் செதில்கள் முளைத்திருக்கும். மணலில் கால் புதையாமல் ஓட அமெரிக்கப் பாலைவன ஓணான்கள் சிலவற்றுக்கு இவை இன்றே உண்டு. தோலில் நுண்ணிய வாய்க்கால்கள் ஓடும். ஆஸ்திரேலியாவின் முள் ஓணான் ஈர மணலில் நின்றபடியே தோல் வழியாக வாய்க்கு நீரைக் கொண்டுசெல்கிறதல்லவா? விசிறி என்னவாகும்? அது போகக்கூடாதென்பதே என் ஆசை. ஆனால் வெறும் மணலில் ஏறி நிற்கக் கல் ஏது? விசிறி வல்லூற்றையும் அழைத்துவிடும். எனினும் பெண் ஓணான் அதைப் பார்த்தே துணையைத் தேர்ந்தால், விசிறி சுருங்குமேயன்றி மறையாது என்பது என் கணிப்பு.

இவற்றுக்கெல்லாம் காலம் வேண்டும். வெயில் மிகுந்தால் ஓணான் நிழலில் ஒதுங்கவேண்டும். ஒதுங்கிய நேரத்தில் இரை தேட முடியாது. மெக்சிகோ நாட்டில் ஒருவகை ஓணான்கள் வாழ்ந்த 200 இடங்களை ஆராய்ந்த அறிஞர்கள், 1975-க்குப் பின் அவற்றுள் 12 விழுக்காட்டு இடங்களில் அவை அற்றுப்போனதாக 2010-இல் வெளியிட்டனர். அங்கே புதிய உருவம் தோன்றக் காலமில்லை, இடங்கள்தாம் வெறுமையாயின. நான் கற்பனை செய்த ஓணானுக்கு மூதாதையராக வேண்டியவை, இன்று தேரியோரத்து முட்புதர் நிழலில் நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும் அந்த நான்கு விரல் ஓணான்களே.