குறிப்புரை நூலடைவு எழுதுவோர்க்கு

பினாங்குத் தமிழரைப் பற்றி ஆராயப் புகும் மாணவர்களின் நூலடைவுகளில், ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் செவ்வையாக அமைந்திருக்க, அவற்றின் கீழே வரவேண்டிய குறிப்புரை மட்டும் நூலின் முன்னுரையைச் சுருக்கியதாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இராம சுப்பையா 1969-இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலாக வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சேறிய தமிழ் நூல்களின் பட்டியல். இன்ன நூல் உண்டென்று அறிவிப்பதே அதன் பிரயோஜனம். குறிப்புரை நூலடைவோ, அந்நூலை எவ்விஷயத்தில் எவ்வளவு நம்பலாம் என்ற அபிப்பிராயத்தையும் சொல்லக் கடமைப்பட்டது.

முதலில் ஆராய்ச்சி வினாவை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நூல்களைத் திரட்டி, உங்கள் துறை விதித்த முறைப்படி விவரங்களைக் குறியுங்கள்.

சிரமமெல்லாம் அடுத்த படியான குறிப்புரை எழுதுவதில்தான். ஜார்ஜ் டவுனில் சூலியா முஸ்லிம்கள் நிலைபெற்ற வரலாறே உங்கள் விஷயமென்று கொள்வோம். மலாயா இந்தியரைப் பற்றிக் கர்னியல் சிங் சந்து 1969-இல் வெளியிட்ட நூலும், பினாங்குச் சூலியாக்களைப் பற்றிக் கூ சல்மா நசுத்தியோன் 2014-இல் வெளியிட்ட நூலும் 1786 முதல் 1957 வரை என்ற ஒரே கால எல்லையைத் தலைப்பிலேயே தாங்கியவையாதலால், வெறும் பட்டியலில் உடன்பிறந்தவைபோலத் தோன்றும். ஆயினும் முன்னவர் பூகோள அறிஞர். மலாயா முழுவதிலும் நிகழ்ந்த குடியேற்றத்தை நோக்குகிறார். பின்னவரோ கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சூழ்ந்து வளர்ந்த சமூகத்தை அணுகிக் காண்கிறார். ஆகவே சந்துவின் கீழே, “குடியேற்றத்தின் பொதுப்போக்கை அறிய இன்றியமையாதது, தனியொரு தெருவின் வாழ்க்கைக்கு இதனைச் சாரலாகாது” என்று துணிந்து எழுதவேண்டும், கூ சல்மாவின் கீழே, அப்பள்ளிவாசல் வட்டாரத்திற்கு அப்பால் அவர் முடிவுகள் எவ்வளவு செல்லும் என்று எழுதவேண்டும்.

ஆசிரியர் எந்த ஆதாரத்தைக் கொண்டு, எதனை நிறுவுகிறார், உங்கள் வினாவுக்கு அதனால் என்ன பயன் என்னும் மூன்றும் நூற்றைம்பது சொற்களுள் அடங்கிவிடும். நூலை மூடிவைத்த பின்னரே எழுதுங்கள்; முன்னுரையைத் திறந்துவைத்து எழுதினால் ஆசிரியரின் குரலே உங்கள் குரலாகிவிடும். காலம் குறைவாயின், முதலில் அடிக்குறிப்புகளைப் படியுங்கள்: அவர் எந்த ஆவணங்களைப் பார்த்தார், எவற்றைத் தொடவே இல்லை என்பது அங்கேயே புலனாகும்.

அகர வரிசைப்படுத்தும்போது மேற்கோள் மென்பொருளை நம்பிவிடாதீர்கள். பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று கொள்ளும் அது, கூ சல்மாவை நசுத்தியோனின் கீழே தள்ளிவிடும். மகன் பெயர் முன்னும் தந்தை பெயர் பின்னுமாக எழுதும் நம்மவரையோ தந்தையின் பெயரிலேயே கொண்டுசேர்க்கும். ஒவ்வொரு பெயரையும் கையால் திருத்திய பின்னரே வரிசைப்படுத்துங்கள்.