மெல்டெமி வீசும் வாரங்கள்: கிரேக்கத் தீவில் படகேறும் முன்

பருவகால ஆலோசனை: ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் அதே வாரங்களில்தான் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று உச்சத்தில் இருக்கும். இரண்டுக்கும் உறவும் உண்டு. தெற்காசியாவில் பருவமழைக் காலத்தில் உருவாகும் தாழ்வழுத்தம் பாரசீக வளைகுடா வழியாகத் துருக்கி வரை நீள்கிறது. மறுபக்கம் பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கிறது. நடுவில் கிடக்கும் ஏஜியனில் காற்று வடக்கிலிருந்து தெற்காக நாள்கணக்கில் ஓயாமல் வீசும். வானத்தில் மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும். ஓட்டல் பால்கனியிலிருந்து பார்த்தால் கடல் நீலமாக, அழகாகத்தான் தெரியும். துறைமுகத்தில் படகுகளோ கட்டியது கட்டியபடி கிடக்கும்.

பள்ளி விடுமுறைக்கு சாண்டோரினி, மைக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், மிலோஸ் என்று கிளம்பும் குடும்பங்கள் படகுப் பயணத்தைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் காற்றைப் பாருங்கள். எந்தக் கரை, எந்தப் படகு, எந்த நாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தீவில் தங்கும் நாட்களின் தொடக்கத்திலேயே படகுக்கு நாள் குறித்துவிடுங்கள். பலரும் அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். அன்று காற்று எழுந்தால் பயணத்தைத் தள்ளிப்போட நாளே இருக்காது. முதல் இரண்டு நாட்களில் வைத்தால் ரத்தானாலும் அடுத்தடுத்த நாட்கள் கையில் இருக்கும். காற்றால் ரத்தானால் பணம் முழுதாகத் திரும்புமா, அல்லது வேறு நாள் மட்டும்தான் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களையும் இதே காற்று நிறுத்தக்கூடும். ஊர் திரும்பும் விமானம் எந்தத் தீவிலோ, அந்தத் தீவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுங்கள்.

கிரேக்கர்கள் காற்றின் பலத்தைப் போஃபோர்ட் எண்ணில்தான் பேசுவார்கள். 3, 4 என்றால் எல்லோருக்கும் சுகம். 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கி.மீ. வரை. கடலெங்கும் வெள்ளை நுரை தெரியும், சிறிய படகில் முதுகு நோகும். 6 என்றால் 39 முதல் 49 கி.மீ. வரை. ஏறக்குறைய இந்த அளவிலேயே துறைமுகக் காவல்துறை சிறு படகுகளைக் கிளம்ப விடாமல் தடுக்கத் தொடங்கும். பெரிய கப்பல்களுக்கான தடை அதைவிடப் பலத்த காற்றில்தான் வரும். ஏஜியனில் அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் அடுத்தடுத்து வந்து மோதுவதால், உயரம் குறைந்த அலையே உடம்பை உலுக்கிவிடும். கிரேக்க தேசிய வானிலைச் சேவையின் கடல் முன்னறிவிப்பைப் பயணத்துக்கு முந்தைய இரண்டு மாலைகளிலும் பாருங்கள். காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வலுக்கும், ஆகவே காலையில் கிளம்பும் படகே நல்லது. கேப்டன் பயணத்தை ரத்து செய்தால் அவரோடு வாதாடாதீர்கள். ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்து அவர் உங்கள் பிள்ளைகளைக் கரையில் நிறுத்துகிறார்.

படகுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது இது: “நாளைக்கு வடக்குக் காற்று பலமாக இருந்தால் எங்களை எங்கே கூட்டிப்போவீர்கள்?” அனுபவமுள்ளவர் யோசிக்காமல் இடத்தின் பெயரைச் சொல்வார். “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். மிலோஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்க்க ஆசைப்படும் கிளெஃப்டிகோ வெண்பாறைக் குகைகள் தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் குன்றுகள் வடக்குக் காற்றை மறைத்துவிடும், தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஆனால் அடமாஸ் துறையிலிருந்து வடமேற்கு நோக்கித் திறக்கும் வளைகுடா வாயைத் தாண்டி, மேற்குக் கரையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். சோதனை அந்த இடைவழியில்தான். சாண்டோரினியிலும் காற்று கடுமையானால் எரிமலை வளைகுடாவுக்குள் போவதை விட்டுவிட்டு, தெற்குக் கரையோடு பயணத்தை முடித்துக்கொள்வது உண்டு. அந்த மாற்றுவழி உங்களுக்குப் போதுமா என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

சாண்டோரினி பயணங்களில் ‘வெந்நீர் ஊற்று’ என்று விளம்பரம் செய்யும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் இதை நம்பித்தான் கிளம்புகிறார்கள். பலேயா கமேனி என்ற எரிமலைத் தீவின் சிறு குடாவுக்கு வெளியே படகு நின்றுவிடும். ஏணியில் இறங்கி, அல்லது குதித்து, ஆழமான குளிர்ந்த கடலில் நீந்திப் போனால்தான் ஊற்று. உள்ளே நெருங்க நெருங்கத் தண்ணீர் பச்சையிலிருந்து துருப்பிடித்த செம்பழுப்புக்கு மாறும், கந்தக வாடை வரும், காலடியில் சேறு தட்டுப்படும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். நீந்தத் தெரியாதவர் அங்கே போக முடியாது. வெளிர்நிற உடையில் கறை ஏறினால் போகாது. வெள்ளிக் கொலுசு கறுத்துவிடும், கழற்றி அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்திலுள்ள நேயா கமேனியில் எரிமலைவாய் வரை நடக்கலாம். கறுப்பு எரிமலைக்கல் பாதை, நிழலே கிடையாது. செருப்பு உதவாது, ஷூ வேண்டும். தலைக்குத் தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் இல்லாமல் ஏறாதீர்கள்.

படகின் வகையை உங்கள் குடும்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காற்றடைத்த ரப்பர் விளிம்புள்ள வேகப்படகு குகைகளுக்குள் நுழையும், சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் அநேகமாகக் கழிவறையும் நிழலும் இருக்காது, அலையில் தூக்கித் தூக்கிப் போடும். கர்ப்பிணிகள், முதுகு வலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் அதில் ஏறவே வேண்டாம். அகலமான கேடமரான் குறைவாக ஆடும், கழிவறை இருக்கும், விலை கூடுதல். கையிக்கி என்ற பழைய மரப்படகு மெதுவாகப் போகும். பாட்டி தாத்தாவோடு ஒரு பகலைக் கழிக்க அதைவிட நல்லது இல்லை என்பது என் எண்ணம்.

முடிந்தால் முந்தைய மாலையே துறைக்கு நடந்து போங்கள். பகல் முழுக்க ஓடிய படகுகள் பின்பக்கம் கரையைப் பார்க்க வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மறுநாள் பாதையை எழுதிய பலகை முன்னே நிற்கும், படகுக்காரரும் பக்கத்தில் இருப்பார். நீங்கள் உட்காரப்போகும் இடத்துக்கு மேலே கூரைத்துணி இருக்கிறதா பாருங்கள். கடலிலிருந்து ஏறும் ஏணி தண்ணீருக்குள் எத்தனை படி இறங்குகிறது என்று பாருங்கள். ஒரே படி மட்டும் நனையும் ஏணியில் மூட்டுவலிக்காரர் ஏற முடியாது. குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதிகபட்சம் எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்பதையும் கேட்டு, டெக்கை ஒரு முறை கண்ணால் அளந்து பாருங்கள்.

நீந்தத் தெரியாது என்பதை ஏறியவுடன் கேப்டனிடம் சொல்லிவிடுங்கள், இதில் வெட்கம் வேண்டாம். பருத்திச் சுடிதாரோடு கடலில் இறங்காதீர்கள். நனைந்த துணி கனத்துக் காலைச் சுற்றும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை வாங்கி வந்தால் வெயிலுக்கும் காப்பு. வாந்தி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு, படகு கிளம்புவதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே போடுங்கள். ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. சைவம் சாப்பிடுபவர்கள் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், கடல் நடுவில் மாற்று கிடைக்காது. ஆகஸ்ட் 1 முதல் 14 வரை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத நாட்கள். நிஸ்திசிமோ என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் சேராத சாப்பாடு பல இடங்களில் கிடைக்கும். இறாலும் கணவாயும் அதில் சேரலாம், ஆகவே அவை வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

மைக்கோனோஸிலிருந்து டெலோஸ் போகிறவர்கள் முதல் படகைப் பிடியுங்கள். 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்தத் தொல்லியல் தீவில் நிழல் அரிது, இரவு தங்கவும் முடியாது. அங்கே நுழைவுச்சீட்டு படகுக் கட்டணத்தில் சேராத தனிச் செலவு.

இன்னும் தீவையே முடிவு செய்யாதவர்கள், கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மேற்கே அயோனியன் பக்கம் திரும்புங்கள். கோர்ஃபு, பாக்ஸோஸ், கெஃபலோனியா, ஜாகிந்தோஸ் தீவுகளில் மெல்டெமியின் கை நீளாது. பிற்பகலில் வடமேற்குக் காற்று எழும், பெரும்பாலும் பொறுக்கக்கூடியதுதான். ஜாகிந்தோஸில் ஒரு எச்சரிக்கை: 1980-ல் கரை தட்டிய கப்பல் கிடக்கும் நவாஜியோ கடற்கரையில் இறங்கலாம் என்று சொல்லி யாராவது சீட்டு விற்றால் வாங்காதீர்கள். 2018-ல் குன்று சரிந்து ஆட்கள் காயப்பட்ட இடம் அது. 2023 முதல் அங்கே இறங்கவும் நீந்தவும் தடை போட்டு வருகிறார்கள், தூரத்தில் நின்று பார்க்கலாம். அதே தீவின் லாகனாஸ் விரிகுடாவில் கடலாமைகள் முட்டையிடும் பருவம் இது. 1999-ல் அமைந்த தேசியக் கடல் பூங்காவில் படகு நுழையக்கூடாத பகுதிகளும், மணிக்கு 6 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாத பகுதிகளும் உண்டு. “ஆமை கட்டாயம் காட்டுகிறோம்” என்று கூவுகிறவர்களை விட்டுவிடுங்கள். ஓர் ஆமையைப் பல படகுகள் சூழ்ந்துகொண்டால் அது நிம்மதியாக மேலே வந்து மூச்சு வாங்க முடியாது. விலகி நின்று, கொஞ்ச நேரத்தில் நகர்ந்துவிடும் படகையே தேடி ஏறுங்கள்.

30 குதிரைத்திறன் வரையிலான படகை உரிமம் இல்லாமலே வாடகைக்குத் தருவார்கள். கோர்ஃபுவின் பலேயோகாஸ்ட்ரிட்சா போன்ற ஒதுங்கிய குடாவில், காற்றில்லாத காலையில் அது இனிய அனுபவம். சாண்டோரினி, மைக்கோனோஸ் உள்ளிட்ட சிக்ளடீஸ் தீவுகளில் இந்த வாரங்களில் அதைத் தொடாதீர்கள். எடுக்கும் முன் எரிபொருள் யார் கணக்கு, சேதமானால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டு, படகின் நாலு பக்கமும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 15 மாதா திருநாள், கிரேக்கம் முழுக்க விடுமுறை. அதை ஒட்டிய நாட்களுக்குப் படகு வேண்டுமென்றால் இன்றே பதிவு செய்யுங்கள். தேதியை மாற்ற முடிந்தவர்கள் செப்டம்பர் இரண்டாம் பாதிக்குத் தள்ளலாம். காற்று தணியத் தொடங்கியிருக்கும், கடல் இன்னும் குளித்து மகிழும் சூட்டில் இருக்கும், கூட்டமும் குறையும். எப்போது போனாலும் கிரேக்கக் கடலோரக் காவல்படையின் 108, பொது அவசர உதவிக்கு 112 ஆகிய இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் ஏற்றிவிட்டே படகேறுங்கள்.